காவிரிக் கரையின் கைவேலையையும் பாட்டையும் ஊருக்கு வெளியே கொண்டுபோவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், ஆடல் பாடலுக்காக அழைத்துவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார் என்பதுகூட அங்கே உண்டு. கோயிலைக் கட்டிய தச்சர் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் கல்லில் நிற்கிறது. திருப்பணி நிறைவுற்றது 1010-இல். அதே கோயிலின் வாசல் கடைகளில் இன்று ஒரு தலையாட்டி பொம்மையை வாங்கினால், அதைச் செய்த குடும்பம் எது, எந்தத் தெருவில் இருக்கிறது என்று பெட்டியில் ஒரு வரிகூட இருக்காது. வாங்கியவர் பெங்களூருவுக்கோ சிங்கப்பூருக்கோ போனபின் அது வெறும் ‘தஞ்சாவூர் பொம்மை’. செய்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

இந்த நிலை மாற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி. பொருளோ பாட்டோ வெளியூர் போகும்போது செய்தவர் பெயரும் ஊரும் செய்முறையும் கூடவே போக வேண்டும். வீட்டில் நெட்டி (நீர்ச்செடித் தண்டின் தக்கை) வேலை செய்யும் அப்பாவோ நடவுப் பாட்டு தெரிந்த அம்மாச்சியோ இருக்கிறார்கள், கையில் ஒரு செல்போன் இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இப்படி இருக்கும் இளைஞரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். செய்பவரே படித்தாலும் பயன்படும்.

படி 1: ஒரே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

காவிரி டெல்டாவில் பகிர்வதற்குப் பஞ்சமே இல்லை. தஞ்சாவூர் ஓவியம், கலைத்தட்டு, தலையாட்டி பொம்மை, வீணை, நெட்டி வேலை, சுவாமிமலை சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, கருப்பூர் கலம்காரி, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் என்று பெயர் பெற்றவையே இத்தனை. பெயர் பெறாதவை இன்னும் அதிகம். மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்குப் போடும் நெட்டி மாலை, கோரைப்பாய், ஓலைப்பெட்டி, அரிசிமாக் கோலம், கும்மி, கோலாட்டம், தாலாட்டு, தப்பு, பொய்க்கால் குதிரை என்று அந்தப் பட்டியல் நீளும்.

எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு ‘நம்ம ஊர் கலை’ என்று தொடங்கினால் மூன்றே வாரத்தில் சோர்ந்துபோவீர்கள். உங்கள் வீட்டிலோ உங்கள் தெருவிலோ நடக்கிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்பவரிடம் எந்த நேரத்திலும் போய்ச் சந்தேகம் கேட்க முடிய வேண்டும். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல தேர்வுமுறை இல்லை.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். குறுவை, சம்பா, தாளடி என்று எல்லா வேலையும் அதையொட்டித்தான். நடவுப் பாட்டை நடவுக்காலத்தில்தான் நேரில் கேட்க முடியும். இயந்திர நடவு வந்துவிட்ட ஊர்களில் அதுவும் அரிது. நெட்டி மாலை தை பிறக்கும் முன்பு கட்டப்படுவது. நாகஸ்வரமும் கரகமும் கோயில் திருவிழாக் காலத்தில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும். கலைஞர் வீட்டில் இருக்கும் நாளைக் கேட்டறிந்து போக வேண்டும்.

படி 2: கேமராவைத் தொடும் முன் நோட்டில் எழுதுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும். செய்பவரின் பெயர் எப்படிப் போட வேண்டும் என்று அவரையே கேளுங்கள். முதலெழுத்து, ஊர்ப்பெயர், தொழில் சார்ந்த பட்டம் எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அடுத்து, யாரிடம் கற்றார், எந்த ஊரில் கற்றார், பொருள் எங்கிருந்து வருகிறது, ஒன்று செய்ய எத்தனை நாள் ஆகிறது என்பதை எழுதுங்கள்.

வேலையில் புழங்கும் சொற்களை அவர் வாயில் வருகிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். நாகஸ்வரத்தின் உலவு, அணைசு, கெண்டை, சீவாளி ஆகியவற்றை ‘குழல் பகுதி’, ‘ஊதும் பகுதி’ என்று மாற்றி எழுதினால் வாத்தியம் தெரிந்தவருக்கும் புரியாது, தெரியாதவரும் எதையும் கற்கமாட்டார்.

நரசிங்கம்பேட்டையைப் பாருங்கள். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் இருக்கும் சிற்றூர். பழைய வீடுகளில் உத்தரமாகவும் சட்டமாகவும் கிடந்து முற்றிய ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி, அதைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள். பக்கத்துத் திருவாவடுதுறையின் நாகஸ்வரக் கலைஞர் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நீளமான பாரி நாகஸ்வரத்தை உருவாக்கியவர் இந்த ஊரின் ரங்கநாதன் ஆசாரி. வாசித்தவர் பெயரோடு செய்தவர் பெயரும் நின்றுபோன அபூர்வமான நிகழ்வு இது. ரசிகர்கள் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லிவந்ததால்தான் அந்தச் சிற்றூரின் பெயர் வெளியே தெரிந்தது. உங்கள் நோட்டு செய்ய வேண்டிய வேலையும் அதுவே.

படி 3: கைவேலையைப் படம் எடுப்பது

வெளிச்சத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். காலை எட்டு மணி வாக்கில் திண்ணையில் விழும் நேரடி வெயில் படாத வெளிச்சமே போதும். பித்தளை விளக்கும் தங்கத்தகடு ஒட்டிய ஓவியமும் கண்ணாடிபோல் மின்னி, எடுப்பவர் முகமே அதில் தெரியும். ஒரு வெள்ளை வேட்டியை வெளிச்சம் வரும் பக்கம் திரைபோலக் கட்டிவிட்டால் பளபளப்பு அடங்கும். தஞ்சாவூர் ஓவியத்தை நேருக்கு நேராக ஒன்றும், பக்கவாட்டில் சாய்த்து ஒன்றும் எடுக்க வேண்டும். சுக்கான் மாவும் பசையும் சேர்த்து எழுப்பிய மேடு பக்கவாட்டுப் படத்தில்தான் தெரியும். அச்சடித்த மலிவுப் பிரதிக்கும் கைவேலைக்கும் உள்ள வித்தியாசத்தை வாங்குபவர் கண்ணால் காண்பதும் அந்தப் படத்தில்தான்.

அளவு தெரிய வேண்டும். பொருளுக்குப் பக்கத்தில் செய்தவரின் கை இருக்கும்படி ஒரு படம் கட்டாயம் எடுங்கள்.

முடிந்த பொருளைவிட நடக்கும் வேலையைத்தான் மக்கள் நின்று பார்க்கிறார்கள். சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறைக்குப் போகிறவர்கள் எல்லோரும் உலோகம் உருகி ஊற்றப்படும் காட்சியை எடுக்கவே ஆசைப்படுவார்கள். அது கண்ணைப் பறிக்கும், உண்மைதான். ஆனால் வேலையின் உயிர் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. ஸ்தபதி ஒரு தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்து மடித்துக் குறி வைக்கிறார். முகம் எங்கே முடிய வேண்டும், மார்பு எங்கே, இடுப்பு எங்கே, முழங்கால் எங்கே என்பதெல்லாம் அந்த மடிப்புகளில் இருக்கிறது. பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் எழும்புகிறது. அதன்மேல் முதல் பூச்சாகக் காவிரியின் வண்டல் மண்ணைக் குழைத்து மெல்லியதாகப் பூசுகிறார்கள். அந்த மண் அத்தனை மழமழப்பாக இருப்பதால்தான் மெழுகில் கீறிய நகம், புருவம், ஆடையின் கொசுவம் எல்லாம் மண்ணின் உள்பக்கம் அப்படியே பதிந்து, பின்னால் உலோகத்திலும் வருகின்றன. மண் காய்ந்ததும் சூடேற்றி மெழுகை வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஆகவே ஒவ்வொரு சிலையும் ஒன்றே ஒன்று. ஓலை மடிப்பு, மண் பூச்சு, அச்சு உடைப்பு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு நிமிடம் அசையாமல் எடுத்துக் காட்டினால், விலை ஏன் இவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

போனை ஏதாவது ஒன்றின்மேல் ஊன்றி வையுங்கள். பின்னணி இசை சேர்க்காதீர்கள். உளி தட்டும் ஓசையும் தறியின் ஓசையும் கேட்கட்டும்.

படி 4: பாட்டையும் வாத்தியத்தையும் பதிவது

இங்கேதான் அதிகப் பொறுமை வேண்டும். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். நடுப் பாட்டில் அழைப்பு வந்தால் போனது போனதுதான். வேவ் கோப்பாகப் பதியும் செயலி கிடைத்தால் அதையே வையுங்கள். பம்புசெட்டு ஓடாத நேரத்தையும், கோயில் ஒலிபெருக்கி கட்டாத நாளையும் பாருங்கள். ஆடி மாதமும் மார்கழி விடியற்காலையும் ஒலிப்பதிவுக்கு ஆகாது.

நாகஸ்வரம் திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். பக்கத்தில் போனை நீட்டினால் ஒலி உடைந்து கரகரக்கும். பன்னிரண்டு, பதினைந்து அடி தள்ளி, அணைசு என்னும் விரிந்த அடிவாய்க்கு நேரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். தவில் சேர்ந்தால் விரல்களில் கூடு மாட்டி அடிக்கும் வலந்தலை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். போனை நாகஸ்வரக்காரர் பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். கல் மண்டபத்தில் எதிரொலி குழப்பும். தோப்போ கீற்றுப் பந்தலோ நல்லது. முதலில் ஒரு நிமிடம் பதிந்து, காதுக்கருவி போட்டுக் கேட்டுவிட்டு, பிறகு முழுதாகப் பதியுங்கள். சீவாளியைத் தேர்ந்தெடுத்து, ஈரப்படுத்தி, ஊதிப் பார்த்துச் சரிசெய்யும் அந்தச் சில நிமிடங்களையும் விட்டுவிடாதீர்கள். ஆற்றோர நாணலில் செய்த அந்தச் சிறு துண்டில்தான் வாத்தியத்தின் குரலே இருக்கிறது.

தப்புக்கு வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். காய்ச்சும் முன் ஒரு அடி, காய்ச்சிய பின் ஒரு அடி பதியுங்கள். கேட்பவருக்கு விளக்கமே தேவைப்படாது.

பெண்களின் பாட்டுக்கு வேறு வழி. நாற்காலி போட்டு உட்காரவைத்து, “பாடுங்க” என்றால் பாட்டு வராது.

“அம்மாச்சி, அந்த நடவுப் பாட்டு ஒண்ணு பாடேன்.”

“போடா, தண்ணியில நின்னு பாடுனது. இப்ப உக்காந்துகிட்டு எங்கேருந்து வரும்?”

அவர் சொல்வது சரி. குனிந்து நாற்றை ஊன்றும் கையின் வேகத்தில்தான் அந்தப் பாட்டின் தாளம் இருக்கிறது. ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வதில்தான் அது ஓடுகிறது. கூட நட்ட இரண்டு மூன்று பேரை அழைத்து, அரிசி புடைக்கும்போதோ பூக்கட்டும்போதோ பேச்சை எடுங்கள். கைக்கு வேலை வந்தால் பாட்டும் வந்துவிடும். இடையில் வரும் சிரிப்பையும், “அது அப்படி இல்லடி” என்கிற திருத்தத்தையும் வெட்டி எறியாதீர்கள்.

ஒப்பாரி பற்றி ஓர் எச்சரிக்கை. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று பல குடும்பங்களில் நம்புகிறார்கள். அதை மதியுங்கள். பாட ஒப்புக்கொண்டால், எந்த இடத்தில், எந்த நாளில் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். உண்மையான துக்க வீட்டில் போனை நீட்டுவது எந்தக் காரணத்துக்காகவும் தகாது.

பதிவை அன்றைக்கே இரண்டு இடங்களில் வையுங்கள். கோப்பின் பெயரிலேயே பாடியவர், ஊர், நாள் மூன்றும் இருக்கட்டும். நிறையச் சேர்ந்துவிட்டால், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாட்டுப்புறவியல் துறையை அணுகுங்கள். 1981-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. இப்படிப்பட்ட பதிவின் அருமை அங்கே தெரியும்.

படி 5: அனுமதியும் பங்கும்

நாட்டுப்புறப் பாட்டு ஊருக்குப் பொது. பாடிய குரல் பொது அன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பாடுபவர், வாசிப்பவர், ஆடுபவர் அனைவருக்கும் நிகழ்த்துநர் உரிமை கொடுக்கிறது. அது 50 ஆண்டுகள் நீடிக்கும். வயல்வேலை செய்யும் ஒரு பாட்டிக்கும் மேடைப் பாடகருக்கும் இந்த உரிமையில் வித்தியாசம் கிடையாது.

ஆகவே பதியும் முன்பே எங்கே போடப் போகிறோம் என்று சொல்லுங்கள். “யூடியூப்” என்று சொன்னால் போதாது. உலகத்தில் யாரும் பார்க்கலாம், பிறகு முழுதாகத் திரும்பப் பெறுவது கஷ்டம் என்பதைப் போனில் காட்டியே விளக்குங்கள். சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்தில் அவர் குரலிலேயே சேர்த்துக்கொள்ளலாம். பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். இரண்டு கும்மிப் பாட்டை யாரோ ஒருவர் பதிந்துபோய்ப் பெயரில்லாமல் சினிமாத் துண்டோடு ஒட்டிவிட்டார் என்று வருந்தும் பெண்களை இந்தப் பக்கம் நிறையப் பார்க்கலாம். அவர்கள் மறுபடி பாட மறுப்பதில் நியாயம் இருக்கிறது.

கைவேலையில் குடும்ப ரகசியம் உண்டு. பசையின் பக்குவம், உலோகக் கலவையின் அளவு போன்றவற்றைக் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

படி 6: விலை போடுவது

பெரும்பாலான வீடுகளில் பொருளின் செலவை மட்டும் கணக்கிட்டு, கூலியை மறந்துவிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, ஒரு சிறிய நெட்டிக் கோபுரம் செய்ய நான்கு நாள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 700 ரூபாய் கூலி என்றால் 2,800. நெட்டி, பசை, அடிப்பலகைக்கு 400. கண்ணாடிப் பெட்டிக்கு 350. மொத்தம் 3,550. உடைவது, வீணாவது, மின்சாரம் என்று பத்து சதவீதம் சேர்த்தால் 3,905. இதற்குக் கீழே விற்றால் நட்டம்.

கடைக்காரர் 30 சதவீதம் எடுத்துக்கொள்வார் என்றால், 3,905-உடன் 30 சதவீதத்தைக் கூட்டினால் போதாது. 3,905-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 5,580 வரும். நேரடியாக விற்கும்போதும் இதே விலையைச் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் அடுத்த முறை கடைக்காரர் உங்கள் பொருளை எடுக்கமாட்டார்.

பேரம் பேசுகிறவரிடம் சங்கடப்பட வேண்டியதில்லை. நான்கு நாள் வேலை என்று சொல்லுங்கள், வீடியோவைக் காட்டுங்கள்.

படி 7: அடையாளமும் பதிவும்

மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரகம் தரும் கைவினைஞர் அடையாள அட்டை முதலில் தேவை. கண்காட்சியில் இடம் கேட்டாலும் கடன் கேட்டாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் நிபந்தனைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம், பாட்டு, வாத்தியக் கலைஞர்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது; உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள் கலை பண்பாட்டுத் துறையின் தஞ்சாவூர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

அடுத்தது புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் பெயரை அது செய்யப்படும் ஊரோடு சட்டப்படி இணைக்கும் பதிவு. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இலும், நெட்டி வேலைக்கு 2020-இலும், கருப்பூர் கலம்காரிக்கு 2021-இலும், நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இலும் கிடைத்தது. ஓவியம், கலைத்தட்டு, தலையாட்டி பொம்மை, சுவாமிமலை சிலை எல்லாம் அதற்கு முன்பே பெற்றவை. நாளிதழில் செய்தி வந்ததும் ஊரே மகிழ்ந்தது. ஆனால் குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டதாலேயே ஒவ்வொரு கைவினைஞருக்கும் அதைப் பெட்டியில் அச்சடிக்கும் உரிமை வந்துவிடாது. சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் ‘அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்’ என்று தனித்தனியே பதிய வேண்டும். இதற்கான கட்டணம் 500 ரூபாயாக இருந்தது. 2020-இல் 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பத்து ரூபாய்தான். உங்கள் தெருவில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ ஒரு தெரு முழுவதற்கும் இந்த உதவியைச் செய்துவிட முடியும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

படி 8: எங்கே காட்டுவது?

வாட்ஸ்அப் நிலைப்பதிவில் தொடங்குங்கள். உறவுக்காரர், பக்கத்து ஊர், துபாயில் இருக்கும் பெரியப்பா மகன் என்று முதல் வாடிக்கையாளர்கள் அங்கிருந்துதான் வருவார்கள். வேலை நடக்கும் நீண்ட காட்சிகளுக்கு யூடியூப், படங்களுக்கு இன்ஸ்டாகிராம். தமிழிலேயே எழுதுங்கள்; வெளிநாட்டுக்காரருக்காக வேண்டுமானால் கீழே இரண்டு வரி ஆங்கிலம் போதும்.

நேரில் காட்ட இடங்கள் இருக்கின்றன. 1973 முதல் இயங்கும் அரசின் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் ‘பூம்புகார்’ விற்பனை நிலையங்கள், மகளிர் குழுவினருக்கு ‘மதி’ அங்காடிகள், தஞ்சாவூரிலேயே இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையம், பொங்கலையொட்டிச் சென்னையில் நடக்கும் சங்கமம் விழா. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்கும், ஐப்பசிச் சதயத்தன்று ராஜராஜன் விழாவுக்கும் வெளியூர்க் கூட்டம் தானாகவே வருகிறது. மேலட்டூரில் நரசிம்ம ஜயந்தியையொட்டிப் பாகவத மேளா நடக்கும்போதும் அப்படியே. கலையை மதித்து வரும் கூட்டம் அது. முதலில் அங்கே ஒரு மேசை போடக் கேட்டுப் பாருங்கள்.

படி 9: கட்டி அனுப்புவது

தலையாட்டி பொம்மையின் தலை, இடுப்பு, கால் பகுதிகளைத் தனித்தனியே காகிதத்தில் சுற்ற வேண்டும். கோத்தபடி அனுப்பினால் அசைந்து அசைந்து கம்பி வளையும். எப்படிக் கோப்பது என்று ஒரு நிமிட வீடியோ அனுப்பிவிடுங்கள். நெட்டிக்கு எடையே இல்லை. ஆனால் ஒரு அழுத்து அழுத்தினால் போயிற்று. கண்ணாடிப் பெட்டிக்குள் அடிப்பலகையோடு ஒட்டி, அந்தப் பெட்டியை இன்னொரு அட்டைப்பெட்டிக்குள் நான்கு பக்கமும் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். குத்துவிளக்கைக் கழற்றித் துண்டு துண்டாகச் சுற்றினால் எடை ஒரே பக்கம் சாயாது.

உள்ளூருக்கு அனுப்ப வைக்கோலைவிட நல்ல மெத்தை கிடையாது. நம் ஊரில் காசும் அதிகமில்லை. வெளிநாட்டுக்கு மட்டும் வைக்கோல் கூடாது. பயிர்நோய், பூச்சி பயத்தால் பல நாடுகளின் சுங்கத்தில் பெட்டியையே நிறுத்திவிடுவார்கள். காகிதத் துருவல் பயன்படுத்துங்கள்.

உலோகச் சிலையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது இன்னொரு தாள் வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிலைகள் தொல்பொருள்; அவற்றை நாட்டை விட்டு அனுப்ப முடியாது. புதுச் சிலைக்கும் பழமையின் சாயல் இருப்பதால், இது தொல்பொருள் அன்று என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். சிலையின் நான்கு பக்கப் படங்கள், உயரம், எடை, வார்த்தவர் பெயர் எல்லாம் கையில் இருந்தால் வேலை சுலபம். படி 2-இல் எழுதிய நோட்டும், படி 3-இல் எடுத்த படங்களும் அங்கே பயன்படும். வாங்குபவரிடம் பேசி முடிக்கும்போதே சான்றிதழுக்கு ஆகும் நாட்களையும் சேர்த்துத் தேதி சொல்லுங்கள்.